அன்டோனினஸ் என்றால் எந்த அன்டோனினஸ்? ரோமப் பேரரசின் வெள்ளிக் காசுகளை இனங்காணும் முறை

விட்டம் இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவு. எடை மூன்று, மூன்றரை கிராம். ஒரு பக்கம் வலப்புறம் நோக்கும் ஒரு தலை, மறுபக்கம் கையில் எதையோ ஏந்திய ஒரு தெய்வம். இந்த வருணனை ரோமப் பேரரசு வெளியிட்ட தெனாரியஸ் என்னும் வெள்ளிக் காசுகளில் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தும். இதை வைத்துக்கொண்டு ஒரு காசையும் பிரித்தறிய முடியாது. அதனால் முதன்முதலில் காசைக் கையில் எடுப்பவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள்: முகச் சாயலை வைத்து ஆளை முடிவு செய்கிறார்கள், அல்லது படிக்க முடிந்த ஒரு பெயரைப் பிடித்துக்கொள்கிறார்கள். இரண்டும் வழிதவற வைக்கும்.

பெயர் எப்படி வழிதவற வைக்கும் என்பதற்கு அன்டோனினஸ் என்ற பெயரே போதும். கி.பி. 138 முதல் 161 வரை ஆண்ட அன்டோனினஸ் பயஸ் அந்தப் பெயரால் அறியப்பட்டவர். அவருக்குப் பின் வந்த மார்க்கஸ் அரேலியஸ் தம் காசுகளில் தம்மை எம். அன்டோனினஸ் என்றே பொறித்துக்கொண்டார். வரலாற்று நூல்கள் கரகல்லா என்று அழைக்கும் பேரரசரின் காசுகளில் கரகல்லா என்ற சொல்லே கிடையாது, அவரும் அன்டோனினஸ்தான். 218-இல் அரியணை ஏறிய சிரியச் சிறுவன் எலகபாலஸும் அன்டோனினஸ்தான். கொமோடஸுக்கும் அந்தப் பெயர் உண்டு என்றாலும் கொமோடஸ் என்ற சொல்லும் கூடவே வந்துவிடுவதால் குழப்பம் குறைவு. மற்ற நால்வரையும் பிரிக்கப் பெயர் உதவாது. பெயரைச் சுற்றியிருக்கும் சுருக்கெழுத்துகளே உதவும்.

அன்டோனினஸுக்கு அடுத்து, அகஸ்டஸ் என்னும் பேரரசுப் பட்டத்தின் சுருக்கமான ஏ.வி.ஜி. என்ற மூன்றெழுத்தும், அதற்குப் பிறகு பயஸும் வந்தால் அது பழைய அன்டோனினஸ் பயஸின் காசு. பயஸ் முன்னால் வந்து ஏ.வி.ஜி. பின்னால் வந்தால் கரகல்லா. இரண்டு சொற்கள் இடம் மாறியதில் ஐம்பது அறுபது ஆண்டுகள் மாறிவிடுகின்றன. கரகல்லாவின் காசிலேயே 201 முதல் 210 வரை வெறும் ‘பயஸ் ஏ.வி.ஜி.’ மட்டும் இருக்கும். அதன் பிறகு பிரிட்டனில் பெற்ற வெற்றியின் பெயரால் ‘பிரிட்’ என்ற சொல் சேரும். 213-இலிருந்து அதை எடுத்துவிட்டு ஜெர்மானியரை வென்றதற்காக ‘ஜெர்ம்’ என்று போடுவார்கள். எலகபாலஸின் காசில் பெயருக்கு முன்னால் ஐ.எம்.பி. என்ற எழுத்துகள் நிற்கும். கரகல்லா சிறுவனாக இருந்தபோது வெளிவந்த காசுகளிலும் அப்படி உண்டு. ஆனால் அவற்றில் முகம் மீசை முளைக்காத பாலகனின் முகம். எலகபாலஸின் காசில் பின்பக்க வெற்றிடத்தில் பல நேரம் ஒரு சிறு நட்சத்திரம் இருக்கும், பிற்காலத்துக் காசுகளில் நெற்றிக்கு மேலே கொம்பு போன்ற ஒன்று துருத்தி நிற்கும். அவர் சூரியக் கடவுளின் பூசகராகவே இருந்து அரசனானவர்.

இங்கே முகம் ஒரு சான்றாகத்தான் உதவுகிறது, தீர்ப்பாக அல்ல. ரோமானிய அச்சு வெட்டுநர்கள் முகங்களைச் செதுக்குவதில் கெட்டிக்காரர்கள் என்பதில் சந்தேகம் இல்லை. நீரோவின் தடித்த கழுத்து, வெஸ்பாசியனின் அகன்ற தாடை, நெர்வாவின் வளைந்த மூக்கு, நாடியின்கீழ் முறுக்கு முறுக்காகத் தொங்கும் செப்டிமியஸ் செவரஸின் தாடி ஆகியவற்றை ஒருமுறை பார்த்தால் மறக்காது. பேரரசர்களில் தாடியை வழக்கமாக்கியவர் ஹேட்ரியன் என்பதால், முகம் மழித்த முதிய தலை என்றால் பெரும்பாலும் அவருக்கு முந்தையவர் என்று கொள்ளலாம். ஆனால் தேய்ந்த காசில் எல்லா மூக்கும் ஒரே மூக்குதான். புதிய அரசர் பதவியேற்ற முதல் சில வாரங்களில் அவர் முகத்தை நேரில் பார்த்திராத வெட்டுநர்கள் முந்தையவர் முகத்தின் சாயலிலேயே அவரையும் வெட்டியிருப்பார்கள். எழுத்தைப் படித்து ஒரு முடிவுக்கு வந்தபிறகு முகத்தைப் பார்த்துச் சரிபார்ப்பதே முறை.

எழுத்தைப் படிப்பது பலர் அஞ்சுகிற அளவுக்குக் கடினமும் இல்லை. ஆங்கில எழுத்துகளை அறிந்தவர் எவரும் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு படித்துவிடலாம். சில வழக்கங்கள் மட்டும் தெரிய வேண்டும். யூ என்ற எழுத்துக்குப் பதிலாக எப்போதும் வி. சொற்களுக்கு இடையே இடைவெளி பெரும்பாலும் இருக்காது. கடிகார முகத்தில் ஏழு மணி இருக்கும் இடத்தருகே தொடங்கி, கடிகார முள் சுற்றும் திசையில் எழுத்து ஓடுவதே பொதுவழக்கு. வெஸ்பாசியன் குடும்பத்தார் காலத்தில் மட்டும் எதிர்த்திசையில் ஓடும் காசுகள் தாராளமாகக் கிடைக்கும். எண்களில் நான்கை நான்கு கோடுகளாகவே போடுவார்கள், ஐந்துக்கு முன் ஒரு கோடாக அல்ல.

சுருக்கங்களுள் ஐந்தை அறிந்தால் முக்கால்வாசிக் காசுகள் திறந்துகொள்ளும். பி.எம். என்றால் தலைமைப் பூசகர். பி.பி. என்றால் நாட்டின் தந்தை. சி.ஓ.எஸ். என்றால் ரோமின் உயர் பதவியான கான்சல் பதவி. பின்னால் வரும் எண் அதை எத்தனையாவது முறை ஏற்றார் என்பது. ஐ.எம்.பி. பெயருக்கு முன்னால் வந்தால் வெறும் பட்டம். எண்ணோடு பின்னால் வந்தால், படைகள் வெற்றிக்குப்பின் அரசரை எத்தனை முறை வாழ்த்தி முழங்கின என்ற கணக்கு. எல்லாவற்றிலும் பயனுள்ளது டி.ஆர்.பி. மக்கள் காவலர் என்னும் ட்ரிப்யூனின் அதிகாரம் அது. ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டதால் அதன் எண் ஓர் ஆண்டுக்கணக்காகவே ஆகிவிட்டது.

இந்த எண்கள் எவ்வளவு தூரம் கூட்டிச்செல்லும் என்பதற்கு டொமிஷியன் நல்ல உதாரணம். 81 முதல் 96 வரை ஆண்ட அவருடைய தெனாரியஸ்களை மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும். பின்பக்கம் அநேகமாக எப்போதும் மினர்வா தேவி. அதுவும் நான்கே கோலங்கள். ஈட்டியை ஓங்கியபடி முன்னேறுவாள். கப்பல் முகப்புகள் பதித்த தூணின் உச்சியில் ஆந்தையோடு நிற்பாள். இடியாயுதமும் ஈட்டியும் ஏந்தி நிற்பாள். ஈட்டியை மட்டும் பிடித்து நிற்பாள். படத்தை வைத்து ஆண்டைச் சொல்ல முடியாது. எண்களைப் படித்தால் நிலைமை தலைகீழாகிவிடும். டொமிஷியனின் டி.ஆர்.பி. எண் செப்டம்பர் நடுவில் மாறும். கான்சல் பதவியோ ஜனவரி முதல் நாளில் தொடங்குவது. ஒரு காசில் டி.ஆர்.பி. 11 என்றும் சி.ஓ.எஸ். 15 என்றும் இருந்தால், அது 91 செப்டம்பருக்கும் அந்த ஆண்டு டிசம்பருக்கும் இடையே அடிக்கப்பட்டது. அதே டி.ஆர்.பி. 11 சி.ஓ.எஸ். 16-உடன் வந்தால் 92 ஜனவரிக்கும் செப்டம்பருக்கும் இடைப்பட்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஆண்டுப் பழமையான ஒரு பொருளுக்கு மூன்றரை மாத இடைவெளிக்குள் தேதி சொல்ல முடிகிறது. கல்வெட்டுக்காரர்களுக்கே பொறாமை வரக்கூடிய துல்லியம் இது.

இந்த எண்ணிலும் ஒரு பொறி உண்டு. மார்க்கஸ் அரேலியஸ் பேரரசரான 161-ஆம் ஆண்டுக் காசில் டி.ஆர்.பி. 15 என்று இருக்கும். அவர் இளவரசராக இருந்தபோதே அந்த அதிகாரத்தைப் பெற்றுவிட்டார். கணக்கு அங்கிருந்து ஓடுகிறது. ஆட்சியாண்டு என்று நினைத்துக் கூட்டினால் விடை தவறிவிடும். வெற்றிப் பட்டங்கள் இதற்கு நல்ல காவல். மார்க்கஸின் காசில் ஆர்மேனியாவின் பெயர் 164-இலும், பார்த்தியாவின் பெயர் 166-இலும், ஜெர்மானியரின் பெயர் 172-இலும், சர்மாத்தியரின் பெயர் 175-இலும் ஏறுகின்றன. டிராஜனுக்கு இதே போல ‘ஜெர்ம்’, 102-இன் இறுதியில் டாசியரை வென்றதற்கான ‘டாக்’, 114-இல் ‘மிகச் சிறந்தவர்’ என்னும் ‘ஆப்டிமோ’, 116-இல் ‘பார்த்திகோ’ என்று படிகள் உண்டு. எண் தேய்ந்து போயிருந்தாலும் பட்டம் ஒன்று தெரிந்தால் ஆண்டுகளின் எல்லை கிடைத்துவிடும்.

தந்தை மகன் குழப்பம் இன்னொன்று. வெஸ்பாசியன் என்ற சொல்லைப் பார்த்த உடனேயே தந்தையின் காசு என்று எழுதிவிடுகிறார்கள். மூத்த மகன் டைட்டஸின் முழுப்பெயரிலும் வெஸ்பாசியன் உண்டு. தொடக்கத்தில் டி என்ற தனி எழுத்தோ டைட்டஸ் என்ற சொல்லோ இருக்கிறதா என்று பார்க்காமல் முடிவு கட்டக் கூடாது.

எழுத்து முழுவதும் அழிந்துபோன காசு என்றால்? அப்போது தராசு பேசும். நகைக்கடைகளில் பயன்படும், கிராமில் நூறில் ஒரு பங்கைக் காட்டும் சிறு தராசே போதும். அகஸ்டஸ் காலத்தில் ஒரு ரோமானிய இராத்தல் வெள்ளியில் 84 தெனாரியஸ் அடித்தார்கள். ஒன்று ஏறத்தாழ 3.9 கிராம். உலோகம் கிட்டத்தட்டத் தூய வெள்ளி. கி.பி. 64-இல் நீரோ இராத்தலுக்கு 96 என்று ஆக்கினார்; எடை 3.4 கிராமாக இறங்கியது. வெள்ளியின் தரத்தையும் குறைத்தார். எவ்வளவு குறைத்தார் என்பதில் நெடுங்காலம் ஒரு தவறான கணக்கு நிலவியது. மேற்பரப்பை மட்டும் சோதித்தவர்கள் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் வெள்ளி இருப்பதாகச் சொன்னார்கள். விளிம்பில் நுண்துளையிட்டு உள்ளிருக்கும் உலோகத்தை எடுத்துச் சோதித்தபோது எண்பது விழுக்காட்டை ஒட்டித்தான் வந்தது. காசுத் தகடு அடிக்கப்படுவதற்கு முன் அதன் மேற்பரப்பிலிருந்து செம்பை நீக்கி வெள்ளியை மட்டும் பளிச்சிட விட்டிருந்தார்கள் அன்றைய வேலையாட்கள். இன்றைய நகைக்கடையின் எக்ஸ்-ரே கருவியும் மேற்பரப்பைத்தான் பார்க்கிறது. அது தரும் விழுக்காட்டை ரோமானியக் காசின் உண்மையான தரம் என்று எடுத்துக்கொள்வது அந்தப் பழைய வேலையாட்களிடம் இன்னொரு முறை ஏமாறுவதாகும்.

நீரோவுக்குப் பின் தரம் ஏறியும் இறங்கியும் சென்றது. டொமிஷியன் 82-இல் பழைய தூய்மைக்குத் திரும்பினார். 85-இல் மீண்டும் குறைத்துக்கொண்டார். செப்டிமியஸ் செவரஸ் 194-ஐ ஒட்டி வெள்ளியைப் பாதியளவுக்குக் கொண்டுவந்தார். படைவீரர்களின் சம்பளத்தை உயர்த்திய அரசர் அவர். பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு அவருடைய காசே விடை சொல்கிறது. செவரஸ் குடும்பத்தார் காசுகள் இன்றும் மலிவாகவும் ஏராளமாகவும் கிடைப்பதற்கு, அவர்கள் அவ்வளவு அடித்துத் தள்ளியதே காரணம்.

215-இல் கரகல்லா ஒரு புதுக் காசை இறக்கினார். இன்று அன்டோனினியானஸ் என்று வழங்கப்படுவது அது. எடை ஐந்து கிராமுக்குச் சற்று மேல், அதாவது ஒன்றரை தெனாரியஸ் அளவு வெள்ளி. மதிப்போ இரண்டு தெனாரியஸ் என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. இதை இனங்காண்பது எளிது. தெனாரியஸில் அரசரின் தலையில் இலைமாலை இருக்கும். இதில் கூர்முனைகளாகக் கதிர் வீசும் கிரீடம் இருக்கும். அரசி என்றால் தோளின்கீழ் பிறைநிலா. கதிர்க்கிரீடத்தை வெள்ளியில் கண்டால் 215-க்கு முற்பட்ட காசாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்று துணிந்து சொல்லலாம். எலகபாலஸ் காலத்தில் இது நின்றுபோயிற்று. 238-இல் பல்பினஸும் பூபியனஸும் இதை மறுபடி தொடங்கினார்கள். மூன்றாம் கோர்டியன் காலத்துக்குள் பழைய தெனாரியஸை இது ஒழித்தே விட்டது. அதன் பிறகு சரிவு. 260-களில் கேலியனஸின் காசில் வெள்ளி ஐந்து விழுக்காட்டுக்கும் கீழே போயிற்று. பூசிய வெள்ளி தேய்ந்ததும் செம்பு வெளிப்படும். வெண்கலக் காசு என்று எண்ணி ஒதுக்கப்படுபவை பல உண்மையில் இந்த ‘வெள்ளி’க் காசுகளே. அரேலியன் 274-இல் ஒரு சீர்திருத்தம் செய்து 21 என்ற எண்ணை ரோமானிய எழுத்தில் காசின் அடியில் பொறித்தார். இருபது பங்கு செம்புக்கு ஒரு பங்கு வெள்ளி என்று அதற்குப் பொருள் கொள்வதே பெருவழக்கு.

நல்ல வெள்ளி மறுபடி டயோக்ளீஷியனோடு வந்தது. 294 வாக்கில் அவர் அடித்த ஆர்ஜென்டியஸ் என்னும் வெள்ளிக் காசில் நான்கு ஆட்சியாளர்கள் ஒரு கோட்டை வாயிலின் முன் பலியிடும் காட்சி அதிகம் காணப்படும். சிலவற்றில் 96 என்ற எண்ணே பொறித்திருக்கும். இராத்தலுக்கு 96 என்ற நீரோவின் கணக்கு அது. நான்காம் நூற்றாண்டின் சிலிக்வா என்னும் மெல்லிய வெள்ளிக் காசுகளை அடையாளம் காண முகத்தைப் பார்க்கவே வேண்டாம்: தலையில் முத்துப்பட்டம், எழுத்தின் தொடக்கத்தில் ‘எம் ஆண்டவர்’ என்பதைக் குறிக்கும் டி.என்., பின்பக்கம் மாலைக்குள், அரசரின் ஆட்சி நீடிக்கச் செய்த வேண்டுதல்களின் ஆண்டு எண்கள். அடியில் டி.ஆர்.பி.எஸ். என்று இருந்தால் பழைய டி.ஆர்.பி. என்று மயங்கக் கூடாது. அது ட்ரியர் நகர நாணயச்சாலையின் குறி. பிரிட்டனில் கிடைப்பவற்றில் ஓரம் வெட்டி எடுக்கப்பட்டவை மிகுதி. 1992-இல் ஹாக்ஸனில் கண்டெடுக்கப்பட்ட பெரும்புதையலின் வெள்ளிக் காசுகளில் பெரும்பாலானவை அப்படித்தான் ஓரம் இழந்திருந்தன. ஆனால் வெட்டியவர்கள் அரசரின் முகத்தைத் தொடவில்லை. எழுத்து போயிற்று, தலை மிஞ்சிற்று. இந்த ஓரிடத்தில்தான் முகத்தை நம்ப வேண்டிய கட்டாயம்.

பின்பக்கத் தெய்வங்களைப் பற்றி நீளமாக எழுதும் வழிகாட்டிகள் உண்டு. நடைமுறையில் கையில் இருக்கும் பொருளைப் பார்த்தால் பெரும்பகுதி தீர்ந்துவிடும். தராசு என்றால் நேர்மை அல்லது நாணயச்சாலைத் தேவி. துடுப்பு என்றால் அதிர்ஷ்டம். ஒலிவக்கிளை என்றால் அமைதி. பாம்புக்குக் கிண்ணத்தில் உணவூட்டுபவள் நலவாழ்வு. பூவை உயர்த்தி உடையின் ஓரத்தைச் சற்றே தூக்கிப் பிடித்து நடப்பவள் நம்பிக்கை. அந்தப் பெண் யார் என்பதைவிட அவளை ஏன் அச்சிட்டார்கள் என்பது சுவையான கேள்வி. ‘படைவீரரின் விசுவாசம்’ என்று பொறித்த காசுகள் படையின் விசுவாசம் ஆட்டம் கண்ட காலங்களில்தான் பெருகுகின்றன. 238-க்குப் பின் வந்த அரசர்களின் காசுகளை வரிசையாக அடுக்கினால், அமைதியையும் உடன்பாட்டையும் பறைசாற்றியவர்களில் எத்தனை பேர் தம் படையினராலேயே கொல்லப்பட்டார்கள் என்பது தெரியும்.

எழுத்து, எடை, பின்பக்கம் மூன்றும் கைக்கு வந்தபிறகு பட்டியல். ஆர்.ஐ.சி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் ‘ரோமன் இம்பீரியல் காயினேஜ்’ தொகுதிகளின் முதல் தொகுதி 1923-இல் வெளிவந்தது. இன்று அமெரிக்க நாணயவியல் கழகத்தின் இணையத் தரவுத்தளத்தில் அந்த எண்களைக் கட்டணம் இல்லாமல் தேடலாம். எழுத்துப் பொறிப்பின் ஒரு துண்டை மட்டும் கொடுத்தும் தேட முடிகிறது. எண்ணைச் சொல்லும்போது அரசரின் பெயரையும் தொகுதியையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒவ்வொரு அரசருக்கும் எண் புதிதாகத் தொடங்குவதால் வெறும் ‘ஆர்.ஐ.சி. 30’ என்பதற்குப் பொருள் இல்லை.

போலிகளில் இரண்டு வகை. ஒன்று அந்தக் காலத்துப் போலி: செம்புத் தகட்டின்மேல் வெள்ளித் தாளைப் போர்த்தி அச்சடித்தவை. எடை குறையும், விளிம்பிலோ கன்னத்து மேட்டிலோ வெள்ளி உரிந்து பச்சையோ சிவப்போ தெரியும். இவை போலியானாலும் பழம்பொருளே. நாணயவியலாளர்கள் இவற்றைக் கழிப்பதில்லை, தனியாகப் பதிவு செய்கிறார்கள். மற்றது இக்காலத்து வார்ப்பு. உண்மையான காசு சுத்தியலால் அடிக்கப்பட்டது. உலோகம் விளிம்பை நோக்கி வழிந்த கோடுகளும், ஓரத்தில் சிறு வெடிப்புகளும் இருக்கும். வார்த்த காசில் எழுத்தின் முனைகள் மழுங்கி, பரப்பில் ஊசிமுனைக் குழிகள் இருக்கும். விளிம்பைச் சுற்றி அரத்தால் தேய்த்த இணைப்புக்கோடு தென்படும். ஒரே அச்சுப் பிழை, ஒரே கீறல் இரண்டு காசுகளில் ஒன்றுபோல இருந்தால் மேற்கொண்டு ஆராய வேண்டியதில்லை.

தென்னிந்தியாவில் இந்த வேலை விசித்திரமாகச் சுருங்கிவிடுகிறது. வெள்ளலூர், கரூர், பொள்ளாச்சி என்று கொங்குப் பகுதியில் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுக் குவியல்களில் ஆதிக்கம் செலுத்துபவை இரண்டே இரண்டு வகைகள். முதலாவது அகஸ்டஸின் காசு. பின்பக்கம் அவருடைய தத்துப் பிள்ளைகளான கேயஸும் லூசியஸும் இரு கேடயங்களுக்கு இருபுறமும் நிற்பார்கள். மேலே பூசைக்கான அகப்பையும் வளைந்த கோலும். கி.மு. 2-க்குப் பின் லியோன் நகரில் அடிக்கப்பட்ட இதன் எண் ஆர்.ஐ.சி. முதல் தொகுதி, அகஸ்டஸ் 207. இரண்டாவது டைபீரியஸின் காசு: பின்பக்கம் ஒரு பெண் நாற்காலியில் அமர்ந்து செங்கோலும் கிளையும் பிடித்திருப்பாள்; இருபுறமும் ‘தலைமைப் பூசகர்’ என்பதன் சுருக்கம். இயேசுவிடம் வரி கொடுக்கலாமா என்று கேட்டவர்கள் காட்டிய காசு இதுதான் என்ற மரபு உண்டு. அதற்கு உறுதியான சான்று இல்லை என்றாலும் சந்தையில் அந்தக் கதையே இதன் விலையை ஏற்றி வைத்திருக்கிறது. டைபீரியஸ் நீண்டகாலம் படத்தை மாற்றவே இல்லை. ஆகவே இதன் உட்பிரிவுகளைக் காண நாற்காலியின் கால்கள் வழவழப்பானவையா கடைந்தெடுத்தவையா, அடியில் எத்தனை கோடுகள் என்று பார்க்க வேண்டும்.

ஏன் இந்த இரண்டு மட்டும்? தராசுக் கணக்கே விடை. இவை நீரோவின் 64-ஆம் ஆண்டு வெட்டுக்கு முந்தையவை. எடையும் தூய்மையும் நிறைந்தவை. நீரோவுக்குப் பிந்தைய வெள்ளி இந்தியக் குவியல்களில் மிக அரிது. இலங்கை அரசன் ஒருவனைப் பற்றி ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி சொல்லும் செய்தி இதோடு நன்றாகப் பொருந்துகிறது. செங்கடல் வரி வசூலை ஏலம் எடுத்திருந்த அன்னியஸ் ப்ளோகாமஸின் விடுதலைபெற்ற அடிமை ஒருவன் காற்றில் அடித்துச் செல்லப்பட்டு அங்கே கரை சேர்ந்தான். அவனிடம் இருந்த தெனாரியஸ்களைப் பார்த்த அரசன் வியந்தான்: வெவ்வேறு அரசர்களின் தலைகள், ஆனால் எல்லாம் ஒரே எடை. கிளாடியஸ் காலத்துச் செய்தி இது, அதாவது நீரோ கைவைப்பதற்கு முன்னது. வடக்கே ஜெர்மானியரும் இப்படித்தான். அவர்கள் பழைய, நெடுநாள் அறிந்த காசுகளையே, அதிலும் ஓரத்தில் பல்வெட்டு உள்ளவற்றையும் இரட்டைக் குதிரைத் தேர் பொறித்தவற்றையும் ஏற்றார்கள் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார். ஒருவரையொருவர் அறியாத இரண்டு கோடிகளில் இருந்தவர்கள் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள். ரோமுக்குள்ளேயோ நேர்மாறு: 107-இல் டிராஜன் தேய்ந்த பழைய காசுகளை உருக்கியதாக வரலாற்றாசிரியர் டியோ குறிக்கிறார். நல்ல வெள்ளி உருக்கும் உலைக்குப் போயிற்று. மார்க் ஆன்டனி கி.மு. 32-31-இல் தம் படைப்பிரிவுகளுக்காக அடித்த கலப்பட வெள்ளியோ, உருக்கினாலும் லாபம் இல்லை என்பதால், மூன்றாம் நூற்றாண்டு வரை முகம் தேய்ந்து புழங்கிக்கொண்டிருந்தது.

இதிலிருந்து ஒரு எச்சரிக்கை. காசில் உள்ள ஆண்டு அது அடிக்கப்பட்ட ஆண்டு; இந்தியாவுக்கு வந்த ஆண்டு அல்ல. நல்ல வெள்ளி என்று பொறுக்கி எடுக்கப்பட்ட பழைய காசுகள் பல பத்தாண்டுகள் கழித்தும் கப்பல் ஏறியிருக்கலாம். ஒரு குவியலில் டைபீரியஸ் கடைசி என்பதால் வணிகமும் டைபீரியஸோடு முடிந்தது என்று எழுதுவது அவசரம்.

தென்னிந்தியக் காசுகளில் இன்னும் இரண்டு விஷயங்கள் கவனிக்கத் தக்கவை. அரசரின் முகத்தின் குறுக்கே உளியால் போட்ட வெட்டு அவற்றுள் ஒன்று. இன்றைய தெலங்கானாவின் அக்கன்பள்ளி வெள்ளிக் குவியலிலும், 1898-இல் கிடைத்த புதுக்கோட்டைப் பொற்காசுகளிலும் இது நிறையக் காணப்படுகிறது. உள்ளே செம்பு இருக்கிறதா என்று பார்த்த சோதனை வெட்டு என்பார் சிலர். காசாக இனிச் செல்லாது, உலோகமாக மட்டுமே செல்லும் என்று ஆக்கிய குறி என்பார் சிலர். வெள்ளியில் முதல் விளக்கம் எனக்கு நம்பத்தக்கதாகப் படுகிறது. பொன்னில் வெட்டு ஒரே மாதிரியாக முகத்தின்மேலேயே விழுவதால் இரண்டாவதைத் தள்ளிவிட முடியவில்லை.

மற்றது உள்ளூர்ப் படியெடுப்பு. அகஸ்டஸின் இரு பிள்ளைகள் காசையும் டைபீரியஸ் காசையும் பார்த்து இங்கேயே அச்சு வெட்டி அடித்தவை அவை. லத்தீன் அறியாதவர் கை பட்டதால் எழுத்துகள் கோடுகளும் வளையங்களுமாகச் சிதைந்திருக்கும். கேயஸும் லூசியஸும் குச்சி மனிதர்களாக நிற்பார்கள். ஏமாற்றுவதற்காக அடித்தவை என்று எல்லாவற்றையும் ஒதுக்க முடியாது, பலவற்றில் வெள்ளி நன்றாகவே இருக்கிறது. இவற்றுக்கு ஆர்.ஐ.சி. எண் கிடையாது. அருங்காட்சியகப் பதிவேட்டில் எந்த மூலக் காசின் சாயல் என்பதையும் எடை, விட்டம், கண்டெடுத்த இடம் ஆகியவற்றையும் எழுதுவார்கள். இவற்றில் கண்டெடுத்த இடம் தெரியாமல் போனால் மற்றவற்றின் பயன் பாதியாகக் குறையும். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எந்தப் புதையலையும் கண்டவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டுக்கு மேற்பட்ட காசுகளைத் தனியார் எவரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. காசைத் துலக்கியோ அமிலத்தில் போட்டோ பளபளப்பாக்கிவிட்டுக் கொண்டுவந்தால், உளி வெட்டின் பழமையைக் காட்டும் கறுப்புப் படிவு போய்விடும். பிறகு அந்த வெட்டு அன்று போட்டதா, போன மாதம் போட்டதா என்று சொல்ல வழியில்லை.